மாத்திரைக்குள் இருக்கும் கீரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்களில் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், கருவுற்ற பெண்களுக்கு நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளில் எத்தனை வயிற்றுக்குள் போயின, எத்தனை கூரை ஓலையில் செருகப்பட்டன என்று எனக்கே தெரியாது. அந்த மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருக்கும், ரத்தம் ஊற உதவும் ஃபோலிக் அமிலம் என்ற சத்துக்கு வழிகாட்டிய மருத்துவர் லூசி வில்ஸைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

1888-இல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்ற பிறகு மருத்துவத்துக்கு வந்த அவர், 1928-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள், கருவுற்ற காலத்தில் கடும் ரத்தசோகைக்கு ஆளாகிக்கொண்டிருந்தார்கள். கிருமியைத் தேடினார், அகப்படவில்லை. பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த காரியம்: அந்தப் பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று விசாரித்தார். ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கு அடுப்படியைப் பற்றிக் கேட்கத் தோன்றுவது சாதாரணமன்று. காய்கறியும் பழமும் பாலும் அரிதாகவே கிடைத்த ஏழை வீடுகளில்தான் நோய் மிகுந்திருந்தது.

எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்துப் பார்த்த அவருக்குக் கைகொடுத்தது மார்மைட். பீர் வடிக்கையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது. சுண்டக் காய்ச்சிய புளிக்கரைசல் போலக் கருத்து, உப்புக் கரிக்கும். இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்னும் அந்த மலிவான விழுதை உட்கொண்ட பெண்கள் தேறினார்கள். அந்த முடிவை 1931-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னையில், திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணிபுரிந்திருக்கிறார் என்பதை நம்மவர்கள் பலர் அறியார்.

ஈஸ்ட்டில் இருந்த பொருளைப் பிறர் 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். ஆகவே, நேயர்களே, களிக்குக் கீரை கடையும்போது வெந்த நீரை வடித்துக் கொட்டாதீர்கள். இந்தச் சத்து நீரில் கரைவது, நீரோடு போய்விடும். இதை நான் ஊர் ஊராகச் சொன்னேன்; மாமியார்கள் சிரித்தார்கள்; இன்றும் சொல்கிறேன்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அவர் மிதிவண்டியில் வேலைக்குப் போனதையும், முதுமையில் லண்டனின் செல்சி பகுதியில் மன்ற உறுப்பினராகத் தேர்வானதையும் விரித்துரைக்க நேரமில்லை. 1964-இல் மறைந்தார். கீரை வெந்த நீரைக் கொட்டாதீர்கள். வணக்கம்.