சின்ன அணியோடு ஆட்டம்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளியெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் இந்த ஜனவரி முதல் வாரங்களில், மலைமேல் கால்பந்து பார்ப்பவர்களுக்கு வேறொரு நடுக்கமும் உண்டு. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் மூன்றாம் சுற்று பெரும்பாலும் இந்த நாட்களில்தான் நடக்கிறது. அங்கே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு எட்டரை மணிக்கு வருகிறது. சாப்பாட்டை முடித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தொலைக்காட்சியின் முன் உட்காரத் தோதான நேரம்.

1871-72ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தப் போட்டியின் அமைப்பு எளிமையானது. சிற்றூர் அணிகள் ஆகஸ்டு மாதத்திலேயே தங்களுக்குள் மோதத் தொடங்கிவிடும். தோற்றவர் வீட்டுக்குப் போக, வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். பலத்துக்கேற்ப அடுக்கிய டிவிஷன்களில் மேல் இரண்டைச் சேர்ந்த 44 அணிகளும் மூன்றாம் சுற்றில்தான் உள்ளே வருகின்றன. யாருக்கு யார் எதிரி என்பதைக் குலுக்கல் முடிவு செய்வதால், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வீரர்கள், வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை பந்தாட வருகிறவர்களின் ஊருக்கே போய் ஆட நேரிடலாம்.

சென்ற வாரம் குன்னூர் கடைவீதியில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். பெரிய அணி ஒன்றின் பெயர் பொறித்த கழுத்துக்குட்டையை டிசம்பர் முதல் மார்ச் வரை கழற்றாதவர். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "மாஸ்டர், இந்த வாரம் நமக்கு லீவு மாதிரிதான். நாலாவது டிவிஷன் டீம். எத்தனை கோல் என்பதுதான் பாக்கி." தம்பி, அப்படிச் சொல்லாதே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நின்றபடி விளக்க முடியவில்லை. அவர் கையில் காய்கறிப் பை, என் கையில் குடை. அதனால் அதை இன்று உங்கள் முன் விளக்க அனுமதி கேட்கிறேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை எழுந்து போய்விடும், அதன்மேல் உட்கார்ந்திருந்த பாகனின் இடுப்பைப் பற்றி எந்தப் பழமொழியும் பேசுவதில்லை. பெரிய அணியின் ரசிகர் அந்தப் பாகனின் இடத்தில் இருக்கிறார். அவருடைய அணி ஐந்து கோல் அடித்து வென்றால், எதிர்பார்த்ததுதானே என்று மறுநாள் எவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். தோற்றாலோ, அவருடைய பேரப்பிள்ளைகள் காலம் வரை பேசுவார்கள். வென்றால் செய்தி இல்லை, தோற்றால் தலைமுறைக்கும் செய்தி. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர் அந்த வாரத்தில் நிம்மதியாகத் தூங்கமாட்டார்.

தோற்பது அவ்வளவு எளிதா என்று கேட்கலாம். கபடியில் இரு பக்கமும் முப்பது, நாற்பது புள்ளிகள் எடுக்கிறார்கள். ஒருநாள் கிரிக்கெட்டில் ஓர் அணிக்கு 300 பந்துகள் கிடைக்கின்றன. அவ்வளவு நீண்ட கணக்கில் பலசாலியின் பலம் கடைசியில் வெளிப்பட்டே தீரும். கால்பந்திலோ தொண்ணூறு நிமிடம் ஓடி இரண்டு மூன்று கோல்தான் விழுகிறது. அதில் ஒன்று, காலில் பட்டுத் திசை மாறிய பந்தாகவோ சேற்றில் நின்றுபோன பந்தாகவோ இருந்துவிட்டால் கதை முடிந்தது.

எனக்கு இந்த ஞானம் புத்தகத்திலிருந்து வரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன், நீலகிரியின் முதல் டிவிஷன் அணி ஒன்றுக்கு நான் கோல்கீப்பராக இருந்தேன். நாக்-அவுட் போட்டி ஒன்றில், கீழ் டிவிஷனில் ஆடிய ஒரு தேயிலைத் தோட்டத்து அணி எங்களுக்கு எதிரியாக வாய்த்தது. ஆட்டத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் டீக்கடையில் நாங்கள் அந்த அணியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை இன்றும் வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன். அதற்கடுத்த சுற்றில் வரப்போகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் கேப்டன் அடுத்த சுற்றுக்கு வண்டிகூட ஏற்பாடு செய்துவிட்டார். சொல்லப்போனால் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

அவர்கள் தோட்டத்து லாரியில் வந்து இறங்கினார்கள். ஆடுகிறவர்கள் பதினொரு பேர், பார்க்க வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கும். இலை மூட்டை ஏற்றிய வாசனை லாரியோடு சேர்ந்து வந்தது. பாதிப் பேரின் காலில் பூட்ஸ் இல்லை, கேன்வாஸ் ஷூதான். மலையைச் செதுக்கிச் செய்த மைதானம் ஆதலால் ஒரு முனை மறுமுனையைவிட ஆள் உயரம் தாழ்ந்திருக்கும். இரண்டாம் பாதியில் தாழ்ந்த முனை எனக்கு வந்தது. அதுவரை நாங்கள் எட்டு முறையாவது கோலுக்கு அடித்திருப்போம். இரண்டு முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நான் பந்தைத் தொட்டதே குறைவு என்பதால் என் கைகள் விறைத்துப்போயிருந்தன.

அப்போது பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. அது வரும் விதம் உங்களுக்குத் தெரியும். முதலில் வேலி மறைந்தது, பிறகு மூலைக்கொடி, அதற்குப் பிறகு எங்கள் தடுப்பாட்டக்காரர்களின் முதுகு. இரு கோல் கம்பங்களும் தெரிகின்றனவா என்று பார்க்க நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துப் பனி சற்று விலகியது, அவரும் விசில் ஊதினார். ஊதிய மறுநிமிடமே அது திரும்ப வந்து மூடிக்கொண்டது. எங்கோ முன்னால் ஈரப் பந்தை உதைக்கும் 'தொப்' என்ற சத்தம் கேட்டது. பந்து தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டு நான் வலப்பக்கம் நகர்ந்தேன். பந்து இடப்பக்கம், என் முழங்கால் உயரத்தில், வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளையாக வெளியே வந்து வலைக்குள் போயிற்று. அடித்தவருக்கே கோல் விழுந்தது தெரியவில்லை. லாரி அருகே நின்றவர்கள் கத்தியபோதுதான் அவர் கையைத் தூக்கினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பூஜ்யத்துக்கு ஒன்று, அத்தோடு முடிந்தது. வண்டிக்குக் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. இன்றும் என் வயதுக்காரர் எவராவது எதிரே வந்தால், வணக்கத்துக்கு முன்னால், "மாஸ்டர், இன்னைக்குப் பனி எப்படி?" என்றுதான் கேட்கிறார்.

நம் மைதானங்களைப் போலவே சாய்வான மைதானம் இங்கிலாந்திலும் ஒன்று இருந்தது. யோவில் என்னும் சிறிய ஊரில் இருந்த அந்த மைதானத்துக்கு 1949இல், பணத்தை வாரியிறைத்து வீரர்களை வாங்கிய சண்டர்லாந்து அணி வந்து 2-1 என்று தோற்றுப் போயிற்று. கூடுதல் நேரத்தில் அங்கும் மூடுபனி இறங்கியது என்று படித்தபோது, நான் தனியாள் இல்லை என்று எனக்குப் பெரிய ஆறுதல். 1972 பிப்ரவரியில், முதல் ஆட்டம் சமனில் முடிந்ததால் வந்து, மழையால் பலமுறை தள்ளிப்போன மறு ஆட்டத்தில், நான்கு டிவிஷன் லீக்கிலேயே இல்லாத ஹெரஃபோர்டு அணி நியூகாசிலை 2-1 என்று வென்றது. அதில் சமன் செய்த கோலைச் சேற்றுக்கு நடுவே நெடுந்தூரத்திலிருந்து அடித்த ரோனி ராட்ஃபோர்டு தச்சுவேலை பார்த்தவர். 1989இல், இரண்டே ஆண்டுகளுக்கு முன் கோப்பையையே வென்றிருந்த கோவென்ட்ரி அணி, சட்டன் யுனைடெட் என்னும் சிறிய அணியிடம் 2-1 என்று தோற்றது. சட்டனின் மேலாளர் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் இதை இரண்டு முறை சொல்ல எனக்கு ஆசை. ஆங்கில ஆசிரியராக இருந்தவர்.

எல்லாவற்றையும் மிஞ்சியது 1992 ஜனவரி. முந்தைய ஆண்டில் ஆர்செனல் முதல் டிவிஷனின் சாம்பியன். ரெக்ஸாம், நான்கு டிவிஷன்களையும் அடுக்கினால் எல்லாருக்கும் கடைசி. முதலிடமும் கடைசி இடமும் மோதிய அந்த ஆட்டத்தில், கடைசிப் பத்து நிமிடத்துக்குள் வரும்வரை ஆர்செனல்தான் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. பிறகு ரெக்ஸாமின் 37 வயதான மிக்கி தாமஸ் ஒரு ஃப்ரீ கிக்கை மேல்மூலையில் செலுத்தினார். இரண்டு நிமிடத்தில் ஸ்டீவ் வாட்கின் இன்னொன்றைத் தள்ளினார். 2-1.

வென்ற சின்ன அணிகள் பிறகு என்ன ஆயின என்று கேட்பவர்களும் உண்டு. யோவில் அடுத்த சுற்றில் மான்செஸ்டர் யுனைடெடிடம் 8-0 என்று தோற்றது. சட்டனும் அடுத்த சுற்றில் நார்விச்சிடம் அதே 8-0. எங்களை வென்ற தோட்டத்து அணியும் அடுத்த ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியது. அந்த ஆறு கோலைப் பற்றி இன்றுவரை ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024-25 முதல், முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்களை எடுத்துவிட்டார்கள். சமனில் முடிந்தால் அன்றே கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. முன்பெல்லாம் சின்ன அணி சொந்த ஊரில் சமன் செய்துவிட்டால், பெரிய அணியின் மைதானத்தில் இன்னொரு நாள் ஆடி, அந்த வசூலில் பங்கு பெற்று, கூரையோ விளக்கோ போட்டுக்கொள்ளும். அது போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பெரிய அணியின் ரசிகருக்கு இப்போது பயம் இன்னும் கூடியிருக்கிறது. தப்பிப் பிழைக்க இரண்டாவது நாள் இல்லை.

நம் நாட்டைப் பற்றியும் நிறையச் சொல்ல எண்ணி வந்தேன். 1888இல் சிம்லா மலையில் தொடங்கிய டூரண்ட் கோப்பை, 1911இல் ஒருவர் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என்று வென்ற கொல்கத்தாவின் மோகன் பகான், வெலிங்டன் ராணுவ மைதானத்தில் நான் பார்த்த ஆட்டங்கள் என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இப்போது ஒன்றாகிவிட்டது.

ஆகவே கழுத்துக்குட்டைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை எட்டு மணிக்கே என் வீட்டுக்கு வந்துவிடு. டீ போட்டு வைக்கிறேன். எத்தனை கோல் என்று மட்டும் வாசலில் நின்று சொல்லாதே. வணக்கம்.