புதினா போட்ட தேசிக்காய்ப் பானம் ஏன் கைக்கிறது?

வணக்கம். போன காணொளியில் வெயில் காலத்துக்கான பழக் குளிர்பானம் ஒன்று செய்து காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகளில் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி மாற்றி ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்: "அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி தேசிக்காயும் புதினாவும் போட்டு அடிச்சனான். முதல் வாய் நல்லாத்தான் இருந்தது. அரை மணித்தியாலத்தில ஒரே கைப்பு. என்ன பிழை விட்டனான்? வாற கிழமை வீட்டில ஒரு விசேஷம், முப்பது பேருக்குச் செய்யவேணும். ஸ்ரோபெரி அது இதெல்லாம் இங்க வாங்கேலாது. இங்க கிடைக்கிறதை வைச்சு என்ன செய்யலாம்? கொக்டெயில் எண்டு சொன்னீங்கள், அதில குடிவகை சேர்க்கிறதோ எண்டு அம்மா கேக்கிறா."

முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களை அடுப்படிக்குள் விடமாட்டா. கொக்டெயில் என்றால் மது சேர்ந்த கலவைதான். மது இல்லாமல் செய்வதை மொக்டெயில் என்பார்கள். நான் காட்டியது மொக்டெயில். சொல்லைப் பிழையாகப் பாவித்தது நான்தான். புதினாவும் தேசிக்காயும் சேர்கிற இந்த வகையில் பேர்போனது கியூபாவின் மொஹிட்டோ, ஹவானா நகரத்துப் பானம். வெள்ளை றம், தேசிக்காய்ச் சாறு, சீனி, புதினா, சோடா, அவ்வளவுதான். றம்மை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது எங்கள் வீட்டுத் தேசிக்காய்த் தண்ணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். வெயிலுக்குள் நின்று வந்தவருக்கு மது கலந்து கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. அது சிறுநீரைக் கூட்டும், குடித்த தண்ணீரையும் சேர்த்து வெளியே கொண்டுபோகும். தாகத்துக்கு அது சரிவராது.

சரி, கைப்புக்கு வருவோம். தங்கச்சி, "அடிச்சனான்" என்று எழுதியிருக்கிறீர்களே, பிழை அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. தேசிக்காயையும் புதினாவையும் ஒன்றாக மிக்சியில் போட்டு அடித்திருக்கிறீர்கள். அனேகமாகத் தேசிக்காயைத் தோலோடு, விதையோடு.

தேசிக்காயின் தோலுக்கும் சுளைக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சதை இருக்கும் அல்லவா? அந்தச் சதையிலும் விதையிலும் ஒரு பொருள் இருக்கிறது. இருந்தபடி அது கைக்காது. நசிந்து, சாற்றின் புளிப்போடு சேர்ந்து கொஞ்ச நேரம் நின்றால்தான் லிமோனின் என்ற பொருளாக மாறும். லிமோனின் நல்ல கைப்பு. முதல் வாய் நன்றாக இருந்து அரை மணித்தியாலத்தில் கைத்ததற்குக் காரணம் இதுதான். தோடம்பழச் சாறு போத்தலில் அடைக்கிற ஆலைகளுக்கும் இதே தலையிடி உண்டு. பிழிந்த உடனே இனிக்கிற சாறு, வைக்க வைக்கக் கைக்கும்.

புதினாவின் கதை வேறு. அதன் மணம் இலையின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. அவை உடைய ஒரு தட்டுப் போதும். மிக்சியோ இலையையே அரைத்து, உள்ளே கிடக்கிற பச்சைச் சாற்றை எல்லாம் இழுத்துவிடும். அது புல் மணக்கும், கைக்கும், காற்றுப்பட்டால் கறுக்கும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு விளக்கம். ஒரு வருடம் வைகாசிப் பொங்கலுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டோம். வழக்கமாக மோர், சர்க்கரைத் தண்ணி, ஊறுகாய்த் தண்ணி. நான்தான் பெரிய ஆள் மாதிரி, "புதினா போடுவம்" என்று ஒற்றைக்காலில் நின்றேன். இரவே ஐம்பது தேசிக்காயை வெட்டி, புதினாவோடு அரைத்து, அலுமினியக் கிடாரத்தில் மூடி வைத்தோம். விடியத் திறந்தால் குளத்துப் பாசியின் நிறம். முதல் குவளையை வாங்கிய பெரியப்பா ஒருவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாய் வைத்தார், மெல்ல நடந்துபோய் வேப்பமரத்தடியில் ஊற்றினார். திரும்பி வந்து, "பிள்ளை, வேம்புக்கு வேப்பஞ்சாறு எதுக்கு?" என்றார். அன்றைக்கு நான் விட்ட பிழை மூன்று. அரைத்தது, இரவே செய்தது, புளிப்பை அலுமினியத்தில் வைத்தது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், பானத்தில் உலோக வாடை வரும். எவர்சில்வர், கண்ணாடி, இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கென்று வைத்திருக்கிற பிளாஸ்டிக் வாளி, இவற்றில் ஒன்றை எடுங்கள்.

இனி எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். தேசிக்காயை வெட்டுவதற்கு முன் மேசையில் வைத்து உள்ளங்கையால் அமத்தி உருட்டுங்கள். பிறகு குறுக்கே வெட்டி, விதையைத் தட்டிவிட்டு, கையால் பிழியுங்கள். கடைசிச் சொட்டு வரைக்கும் முறுக்க வேண்டாம், அந்தக் கடைசிச் சொட்டில்தான் தோலின் கைப்பு வரும். புதினாவைக் காம்பு நீக்கி, ஒரு பிடி இலையை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் ஒரு அடி. கை தட்டுகிற மாதிரி, ஒரேயொரு அடி. மணம் மூக்குக்கு வரும், இலை கிழியாது. அப்படியே பானத்தில் போடுங்கள். பரிமாறுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் போட்டால் போதும், முந்திப் போடக் கூடாது.

துளசி போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் புதினாவில் கால்வாசி. துளசி மணம் கூடினால் தீர்த்தம் குடிக்கிற நினைப்பு வரும். மாலையில் துளசி பறிக்கிறதில்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் காலையிலேயே பறித்து ஈரத் துணியில் சுற்றி வையுங்கள்.

இடையில் ஒன்று. புதினா உடம்பின் சூட்டைக் குறைக்கும் என்று எல்லோரும் சொல்லுவோம். புதினா இனங்களில் உள்ள மென்தோல் என்ற பொருள், குளிரை உணருகிற நரம்பைத் தொட்டு "குளிருது" என்று சொல்லவைக்கும், உண்மையில் சூடு இறங்குவதில்லை. எங்கள் சமையல் புதினாவில் அந்த மென்தோலும் குறைவுதான், மணம்தான் கூட. குளிர்ச்சியைத் தருவது தண்ணீரும் ஐஸும். ஆகவே புதினாவைக் கூட்டிக் கூட்டிப் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

இப்போது பழம். ஸ்ரோபெரிக்கு ஏன் அலைய வேண்டும்? வன்னியில் இருந்துகொண்டு பழத்துக்குக் கவலைப்படுவது குளத்துக்குள் நின்று தண்ணி தேடுகிற மாதிரி. ஏ9 வீதியால் வந்தால் சீசனுக்குச் சீசன் ஒன்று குவித்திருப்பார்கள். ஆனால் எல்லாப் பழமும் பானத்துக்கு உதவாது. பாலைப்பழத்தை நான் பரிசோதித்துப் பார்த்தேன். மிக்சியின் கத்தியில் பால் ஒட்டி, பசை மாதிரி இழுபட்டது. தேங்காயெண்ணெய் பூசித்தான் கழுவினேன். பாலைப்பழத்தை மரத்தடியில் நின்று, உதடு ஒட்ட ஒட்டச் சாப்பிடவேண்டும், அதற்கு மேல் அதை ஒன்றும் செய்யக் கூடாது. விளாம்பழம் நல்ல பானம், ஆனால் அது தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து கட்டியாக வருவது. சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கலாம், தாகத்துக்கு அல்ல. வெடித்த வெள்ளரிப்பழம் மா மாதிரி இருக்கும், பனங்கட்டி தூவிக் கரண்டியால் சாப்பிடுவதுதான் அதற்கு அழகு.

முப்பது பேருக்கு என்றால் நான் சொல்லுவது வத்தகப்பழம். இந்தியாவில் தர்ப்பூசணி என்பார்களே, அதுதான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், விலையும் கட்டும், நிறமும் வடிவு. ஆளுக்கு 200 மில்லிலீற்றர் என்று பார்த்தால் 6 லீற்றர் வேண்டும். 8 கிலோ அளவில் பழம் வாங்குங்கள், ஒன்றோ இரண்டோ. தோல் போக 4 லீற்றர் சாறு வரும். மிக்சியில் போடவேண்டாம், விதை உடைந்து சாற்றில் மண் ருசி வரும். துண்டுகளை வடியில் போட்டுக் கையால் பிசைந்து வடியுங்கள். நுரை வராது, நிறமும் சிவப்பாகவே நிற்கும்.

இனிப்புக்குப் பனங்கட்டி. குட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டியில் வருகிறதே, அது 300 கிராம் அளவில் எடுத்து, ஒன்றரை லீற்றர் தண்ணீரில் போட்டுக் கரையும் வரை கொதிக்கவையுங்கள். இறக்கும்போது 100 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டு மூடிவிடுங்கள். ஆறிய பிறகு துணியில் வடிக்கவேண்டும், பனங்கட்டியின் அடியில் எப்போதும் கொஞ்சம் தூசி, தும்பு இருக்கும். காட்டுத்தேன் இருந்தால் அதுவும் நல்லது, ஆனால் குளிர்ந்த தண்ணீரில் தேன் கரையாமல் அடியில் போய்ப் படுத்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் சேர்த்தது ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது.

வத்தகைச் சாறு, இஞ்சி வடித்த பனங்கட்டித் தண்ணீர், 25 தேசிக்காயின் சாறு, மூன்றையும் கலந்து உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி போடுங்கள். உப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். பானம் உப்புக் கரிக்காது. உப்பு கைப்பை அமுக்கும், இனிப்பை எடுத்துக்காட்டும், வியர்வையில் போனதையும் கொஞ்சம் திருப்பித் தரும். எங்கள் ஊறுகாய்த் தண்ணியின் இரகசியமும் அதுதானே. பிறகு ருசி பாருங்கள். ஐஸ் போடாமல் ருசி பார்க்கும்போது ஒரு பொட்டு இனிப்புக் கூட இருக்கவேண்டும். குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும், ஐஸ் கரைந்தும் தண்ணியாகும். சோளகக் காற்று அனலாக அடிக்கிற நாளில் ஐஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கசகசா போட விரும்பினால், சர்பத்தில் போடுகிற கறுப்பு விதையைக் கேட்டு வாங்குங்கள். அது திருநீற்றுப்பச்சைச் செடியின் விதை. வெள்ளையாகச் சமையலுக்கு விற்கிறது வேறு. மூன்று மேசைக்கரண்டி விதையை ஒரு பாத்திரம் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டால் தவளை முட்டை மாதிரி வீங்கும். பிள்ளைகளுக்கு அதுதான் விருப்பம்.

தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கல்லுத்தன்மை கூடியது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். அந்தத் தண்ணீரில் தேசிக்காயின் புளிப்புக் கொஞ்சம் மட்டுப்பட்டுத் தட்டையாகத் தெரியும். வடிகட்டிய தண்ணீர் வாங்கிப் பாவித்தால் தேசிக்காயும் மிச்சம்.

ஐஸ் விடயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. விசேஷம் என்றவுடன் யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க் கட்டி ஐஸ் ஏற்றிக்கொண்டு வருவார். மீனுக்குப் போடுகிற ஐஸ் அது. மீனுக்குத்தான். அதைப் பானத்துக்குள் உடைத்துப் போட்டால் அடுத்த நாள் வீட்டில் வரிசையில் நிற்க வேண்டி வரும். இரண்டு நாளைக்கு முன்பே கொதித்தாறிய தண்ணீரைக் கழுவின போத்தல்களில் முக்கால்வாசி நிரப்பி பிரிட்ஜில் உறையவையுங்கள். மீன் ஐஸ் கட்டாயம் வேண்டுமென்றால் வாளியை அதற்கு மேல் வையுங்கள், உள்ளே போடவேண்டாம்.

"பனங்கட்டி எண்டால் சீனி வருத்தக்காரர் குடிக்கலாம்தானே?" என்று வவுனியாவில் இருந்து ஒரு ஐயா கேட்டிருந்தார். இல்லை ஐயா. பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான், நிறமும் மணமும்தான் வேறு. உங்களுக்கு இஞ்சியும் தேசிக்காயும் உப்பும் புதினாவும் போட்டு, இனிப்பில்லாமல் ஒரு குவளை தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வத்தகப்பழச் சாறு, இளநீர், தோடம்பழச் சாறு மூன்றையும் வைத்தியரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். அவற்றில் பொட்டாசியம் இருக்கிறது, பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. எங்கள் பக்கத்தில் அந்த வருத்தக்காரர் இல்லாத ஊர் குறைவு, அதனால்தான் சொல்கிறேன்.

கடைசியாக, மிஞ்சினால் அடுத்த நாளைக்கு வைக்கலாமா என்பது. வைத்தால் புதினா கறுக்கும், வத்தகைச் சாறும் புளித்துப்போகும். விருந்து முடிந்த கையோடு இலையை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, சின்னக் கப்புகளில் ஊற்றி உறையவிடுங்கள். ஐஸ்பழம் ஆகிவிடும். குச்சியை முதலே குத்தினால் சரிந்து விழும். ஒரு மணித்தியாலம் கழித்து, பாதி இறுகின பிறகு குத்துங்கள்.