வகுப்பு முதலில், புத்தகம் பிறகு

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை என்று மேடையில் பேசுவது இப்போது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. நம்ம மாவட்டத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் இந்தப் பேச்சாளர்களுக்கும் பஞ்சமில்லை. முதலாண்டு மாணவர்களை அரங்கில் உட்கார வைத்துவிட்டு ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுவார். கைத்தட்டல், பொன்னாடை, அப்புறம் வாசலில் அவருடைய புத்தகம் விற்பனைக்கு இருக்கும்.

இந்தத் தொழிலுக்குப் பாதை போட்டவர்களில் ஒருவர் டேல் கார்னகி. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த புத்தகம் வந்தது ரொம்பத் தாமதமாகத்தான்.

1888இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விடுதியில் தங்கக் காசில்லாமல் வீட்டிலிருந்து குதிரையில் போய் ஆசிரியர் கல்லூரியில் படித்தார். பிறகு இறைச்சியும் சோப்பும் விற்கும் விற்பனைப் பிரதிநிதி வேலை. நன்றாகவே விற்றார். அதை விட்டுவிட்டு நியூயார்க் போய் நடிப்புப் படித்தார், அது சரிப்படவில்லை.

1912இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வுக்கு, அதாவது கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துக்குப் போய், மாலை வகுப்பில் மேடைப்பேச்சு சொல்லித் தருகிறேன் என்று கேட்டார். ஒரு வகுப்புக்கு இரண்டு டாலர் சம்பளம் தர அவர்களுக்கு மனமில்லை. சரி, வருகிற வருமானத்தில் பங்கு கொடுங்கள் என்று ஒத்துக்கொண்டார். ஆள் வந்தால்தான் காசு.

ஒய்.எம்.சி.ஏ. என்றதும் நம்ம ஆட்களுக்கு மார்த்தாண்டம் ஞாபகம் வரும். 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமச் சீரமைப்பு மையம் நடத்தினார். தேனீ வளர்ப்பு இந்தப் பக்கம் பரவியதில் அந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வந்தவர்களைத் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வைப்பதுதான் அங்கே பாடம்.

கார்னகியின் வகுப்பும் அப்படித்தான் ஆனது, அதுவும் வேறு வழியில்லாமல். முதல் வகுப்பிலேயே அவர் கையிலிருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. நேரமோ மீதி இருந்தது. மாணவர்களை எழுப்பி, உங்களுக்கு எதில் கோபம் வருகிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார். கோபம் வந்ததும் பயம் போய்விட்டது! கூட்டத்தின் முன்னால் வாய் திறக்காதவர்கள் சரளமாகப் பேசினார்கள். அதன்பின் அதுவே அவருடைய முறையானது: ஆசிரியர் குறைவாகப் பேசுவார், ஒவ்வொரு மாணவரும் எழுந்து பேசுவார்.

ஆண்டுக்கணக்கில் இப்படி வகுப்புகள் ஓடின. 1934இல் ஒரு பதிப்பகத்தைச் சேர்ந்த லியோன் ஷிம்கின் என்பவர் அந்த வகுப்பில் சேர்ந்தார். இதைப் புத்தகமாக்கலாமே என்று வற்புறுத்தி, உரைகளைச் சுருக்கெழுத்தில் எடுக்க ஏற்பாடு செய்தார். உலகம் முழுக்க விற்ற அந்தப் புத்தகம், ‘ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்’, 1936இல்தான் வந்தது. அதாவது, 24 ஆண்டு வகுப்பறைக்குப் பிறகு.

அவரிடம் எல்லாமே எனக்கு உவப்பானது என்று சொல்ல மாட்டேன். எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் பெயர் போலவே தெரியட்டும் என்று தன் பெயரின் எழுத்துக்களை மாற்றிக்கொண்டார், விற்பனைக்காரர் புத்தி! பெயரை ஞாபகம் வைத்திரு, சிரித்துப் பேசு என்ற அவருடைய அறிவுரைகளும் நம்ம தோவாளைப் பூக்கடைக்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனால் பயந்தவனைப் பேச வைத்தார், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். முதலீட்டாளர் வாரன் பஃபெட் இளம் வயதில் நாலு பேர் முன்னால் பேசவே நடுங்கியவர். 100 டாலர் கட்டி கார்னகி பயிற்சியில் சேர்ந்தார். அந்தச் சான்றிதழை இன்றும் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார். பல்கலைக்கழகப் பட்டங்கள் அங்கே இல்லை.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் குமரி மாவட்டம்தான், 91.75 சதவீதம். ஆனாலும் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். இரண்டு மணி நேரம் இன்னொருவர் பேச்சைக் கேட்டால் இது தீராது.

அதனால் கல்லூரி நிர்வாகங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை சிறப்புப் பேச்சாளரை அழைக்கும்போது அவருக்கு அரை மணி நேரம் மட்டும் கொடுங்கள். மிச்ச நேரம் முழுக்க ஒலிவாங்கி மாணவர்கள் கையில் இருக்கட்டும். கடைசி வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். எதைப் பேசுவது என்று தெரியாமல் முழித்தால், பேருந்து வராத நாளைப் பற்றிக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.