விளையாட்டு பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

விழாத் தலைவர் அவர்களே, கேடயங்கள் வழங்கிய வணிகர் சங்கப் பெருமக்களே, மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, வெயிலென்றும் பாராமல் மைதானத்தில் நின்ற உடற்கல்வி ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம். தலைமையாசிரியை அம்மா அன்போடு அழைத்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. பிள்ளைகளின் விளையாட்டில் நாம் காட்டும் அவசரத்தையும், பள்ளி மைதானத்தையும் பற்றிப் பேச வந்தேன்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். காலையில் எட்டு வயதுப் பிள்ளைகள் ஓடியபோது, கோட்டுக்கு வெளியே பதறியது நாம்தான். நான்காவதாக வந்த சிறுமி சிரித்துக்கொண்டுதான் வந்தாள். அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

புதியா சிங்கை நினைவிருக்கிறதா? ஒடிசாப் பையன். 2006 மே மாதம் பூரியிலிருந்து புவனேஸ்வர் நோக்கி 65 கிலோமீட்டர் ஓடினான். ஏழு மணி நேரம், மே மாத வெயிலில்! வயது என்ன தெரியுமா? நான்கு! நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளையைக் கடைத்தெருவுக்கு நடத்திக் கூட்டிப்போனால், திரும்பும்போது இடுப்பில்தான் வரும். கூட்டம் கைதட்டியது. டிவிக்காரர்கள் வந்தார்கள். லிம்கா சாதனைப் புத்தகத்தில் பெயர் ஏறியது. அப்புறம் டாக்டர்கள் எச்சரித்தார்கள், அரசு தடுத்தது, விளையாட்டு விடுதியில் சேர்த்தார்கள். ஒலிம்பிக்கில் ஓடுவான் என்றார்கள்; அது நடக்கவேயில்லை. அவனை ஓட வைத்தவர் பயிற்சியாளர். இன்று பல வீடுகளில் அந்த வேலையை அப்பாவே செய்கிறார். பதறாத காரியம் சிதறாது ஐயா!

நார்வேயில் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிகளில் 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது. தேசிய சாம்பியன்ஷிப்பெல்லாம் 13 வயதில்தான். சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாடு, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று முதலிடம் பிடித்தது.

சரி, நமக்கு ஏன் இத்தனை அவசரம்? பள்ளியில் விளையாட்டு இல்லை. பி.டி. பீரியட் வந்தால் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார். பிள்ளை விளையாட வேண்டுமென்றால் மாதாமாதம் பணம் கட்டி அகாடமிக்கு அனுப்ப வேண்டும். கட்டிய பணத்துக்குப் பதக்கம் எங்கே என்று மனசு கேட்கத்தான் செய்யும். இலவசமாக ஓடியாடும் பிள்ளையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்கிறேன்: பி.டி. பீரியடில் வேறு பாடம் நடத்தக் கூடாது. மாலை ஆறு மணி வரை மைதானத்தின் கேட்டைப் பூட்டக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்க வேண்டும். மனு வாசலருகே மேஜையில் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.