வெப் ஸ்கிரீன்களை உருவாக்குற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்டை முதல்ல பார்த்தப்போ டெவலப்பர்கள் ஏன் முகம் சுளிச்சாங்க?

[திரையில்: ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன், அதுக்குள்ள ஒரு எச்டிஎம்எல் பட்டன்]

இந்த நாலு வரியைப் பாருங்க. இன்னிக்கு இதை எழுதத் தெரிஞ்சா வேலை கிடைக்குது. 2013ல இதுக்குத் திட்டுதான் கிடைச்சுது!

அந்த வருஷம் மே மாசம், அமெரிக்காவில ஃப்ளோரிடாவில நடந்த ஜேஎஸ்கான்ஃப்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டுல ஃபேஸ்புக்கோட டாம் ஆச்சினோவும் ஜோர்டன் வாக்கும் ரியாக்டை மேடையில காட்டினாங்க. பார்த்த நிறைய பேருக்குப் பிடிக்கல. பக்கத்தோட அமைப்பைச் சொல்ற எச்டிஎம்எல் தனி ஃபைல், அதை இயக்குற ஜாவாஸ்கிரிப்ட் தனி ஃபைல்னு பாடம் படிச்சு வந்தவங்க அவங்க. ரெண்டையும் கலந்தா கோபம் வராதா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன்.

[திரையில்: ஸ்கூல் பை]

அதே வருஷம் பெர்லின்ல ரியாக்ட் டீமைச் சேர்ந்த பீட் ஹன்ட் ஒரு வாதம் வச்சார்: டெம்ப்ளேட்டை, அதாவது டேட்டா வந்து நிரம்புற எச்டிஎம்எல் அச்சை, தனி ஃபைல்ல போடுறதால டெக்னாலஜிதான் பிரியுது, வேலை பிரியல. யோசிச்சுப் பாருங்க. வீட்ல எல்லாப் பாடப் புத்தகமும் மாடியில, எல்லா நோட்டும் ஹால்ல, ஜாமெட்ரி பாக்ஸ் சமையலறையில. பார்க்க ஒழுங்காத்தான் இருக்கும். கணக்குப் போட உட்கார்ந்த புள்ள மட்டும் மூணு இடத்துக்கு ஓடணும். கணக்குக்கு வேண்டியதெல்லாம் ஒரே பையில இருந்தா? அந்தப் பைதான் ரியாக்ட்ல காம்பொனென்ட்: ஸ்கிரீனோட ஒரு பகுதிக்கு வேண்டிய எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே இடத்துல!

நானும் ஓடியிருக்கேன். டெம்ப்ளேட் ஃபைல்ல வேரியபிள் பேர்ல ஒரு எழுத்து தப்பு. எரர் எதுவும் வரல, பெயர் வர வேண்டிய இடம் காலியா நின்னுச்சு. ஒரு மதியம் முழுக்க அதைத் தேடினேன். ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளயே எச்டிஎம்எல் மாதிரி எழுதுற ரியாக்டோட முறைக்குப் பேர் ஜேஎஸ்எக்ஸ். அதுல வேரியபிள் பேர் தப்பினா ஜாவாஸ்கிரிப்டே எரர் காட்டி நிறுத்திடும்.

இன்னொண்ணு கேளுங்க. ஃபேஸ்புக்காரங்களுக்கு இது புதுசே இல்ல! சர்வர் பக்கம் ஓடுற பிஎச்பி மொழிக்குள்ள எச்டிஎம்எல் எழுத எக்ஸ்எச்பின்னு ஒரு எக்ஸ்டென்ஷனை 2010லயே வெளியிட்டுட்டாங்க. அவங்களுக்குப் பழகிப்போனது மத்தவங்களுக்கு அதிர்ச்சி.

பட்டனோட நிறம், அளவையெல்லாம் சின்னச் சின்ன கிளாஸ் பேர்களா எச்டிஎம்எல்லயே எழுத வைக்கிற டெயில்விண்ட் 2017ல வந்தப்பவும் இதே முகச்சுளிப்பு. "ஒரு பட்டனுக்கு இத்தனை கிளாஸா?"ன்னு நானும் கேட்டேன். ஒரு ஸ்கிரீனை முழுசா எழுதிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கிட்டேன்.

நீங்க பார்த்த உடனே ஒதுக்கின டூல் எது? கமெண்ட்ல போடுங்க. அதை வச்சு அடுத்த வீடியோல ஒரு லாகின் ஸ்கிரீன் எழுதிப் பார்க்கலாம்.