குட்டி நாட்டுப் பிரதமர் பதவியை விடறது எப்படி? சாவி முதல்ல, அறிக்கை அப்புறம்

[திரையில்: இருட்டு அறை, ஒரு செல்போன். மணி 1:30. "அமைச்சரவைக் கூட்டம் தொடங்குகிறது" என்ற அறிவிப்பு.]

வணக்கமுங்க. குளிர்காலத்துல லண்டன்ல ராத்திரி 8 மணின்னா, கோயமுத்தூர்ல நடுராத்திரி ஒன்றரை. நியூயார்க்ல ராத்திரி 9 மணின்னா, நமக்கு மறுநாள் காலையில ஏழரை, காலேஜ் பஸ் வர்ற நேரம். பெருந்துறையிலயோ பொள்ளாச்சியிலயோ உக்காந்து ஆன்லைன்ல ஒரு மைக்ரோநேஷன் நடத்துறவங்க, வெளிநாட்டுக் குட்டி நாடுகளோட ஒப்பந்தம் பேசணும்னா தூக்கத்தைக் கொடுத்துத்தான் பேசணும். இதுல வருஷக்கணக்கா ஓடி ஓஞ்சு போன ஒரு தலைவர், நாட்டையும் ஒடைக்காம, தானும் ஒடையாம எப்படி இறங்குறது? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தன்னைத்தானே நாடுன்னு அறிவிச்சுக்கிட்டு, நிஜ நாடுகள் எதுவும் அங்கீகரிக்காம இருக்கிற அமைப்புக்குப் பேர்தான் மைக்ரோநேஷன். 1967-ல ராய் பேட்ஸ், இங்கிலாந்துக் கடலோரத்துல இருந்த உலகப்போர் காலத்துக் கோட்டைமேடையைப் பிடிச்சு 'சீலாண்டு'ன்னு அறிவிச்சாரு. அமெரிக்காவுல நெவாடாவுல 'மொலோசியா' இருக்கு. மத்ததுல பலதுக்கு நிலமே கிடையாது. ஒரு டிஸ்கார்ட் சர்வர் (ஆன்லைன்ல கூடிப் பேசற குழு), ஒரு இணையதளம், ஒரு கொடி, அவ்வளவுதான். நம்மூர்ல பேச்சை எடுத்தாலே "கைலாசா மாதிரியா?"ன்னு கேட்பாங்க. அது வேற விவகாரமுங்க. நாம பேசுறது பொழுதுபோக்குக்கு நடத்துற நாடுகளைப் பத்தி.

இந்தியாவுல இருந்து நடத்துறவங்க ஒன்னு கவனிக்கணும். "தனி நாடு"ன்னு எழுதற இடத்துல எல்லாம் "கற்பனை நாடு"ன்னு தெளிவாப் போடுங்க. 1963-ல வந்த 16-வது அரசியல் சட்டத் திருத்தம், நாட்டோட இறையாண்மைக்காகவும் ஒருமைப்பாட்டுக்காகவும் பேச்சுரிமைக்கு வரம்பு போட அரசுக்கு இடம் கொடுத்திருக்கு. முத்திரையில அரசுச் சின்னமான சிங்கத்தூண் சாயல் இருந்தா, அதைத் தடுக்கறதுக்குன்னே 2005-ல வந்த ஒரு சட்டம் இருக்கு. பொறுப்பை வாங்கப் போற ஆளுக்கு இதை முதல்லயே சொல்லிருங்க. பழைய தலைவர் போட்ட பதிவுக்குப் புதுசா வந்தவர் பதில் சொல்ற நிலைமை வரக்கூடாது.

[திரையில்: மூன்று வரிகள் ஒவ்வொன்றாக.]

இது பர்ன்அவுட்டா, வெறும் சலிப்பா? உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11ங்கிற நோய் வகைப்பாட்டுப் பட்டியல்ல பர்ன்அவுட்டுக்கு மூணு அடையாளம் சொல்லுது. தெம்பு முழுசா வத்திப் போறது. செய்யுற வேலை மேல ஒட்டுதல் விட்டு, வெறுப்பும் கசப்பும் வர்றது. என்ன செஞ்சாலும் உருப்படியா ஆகலைங்கிற நெனப்பு. இது நோய் இல்லை, வேலையோட சம்பந்தப்பட்ட ஒரு நிலைன்னுதான் அவங்க வகைப்படுத்தியிருக்காங்க. கறாராப் பார்த்தா சம்பளமில்லாத மைக்ரோநேஷன் வேலை அந்த வரையறைக்குள்ள வராது. ஆனா ஆள் காட்டுற அடையாளம் அதேதான்: சர்வர்ல சிவப்புப் புள்ளி வந்தாலே எரிச்சல், ரெண்டு குடிமக்கள் சண்டையைத் தீர்க்கச் சொன்னா "ரெண்டு பேரையும் தூக்கிரலாமா"ன்னு தோணறது, அரசாணை எழுத உக்காந்து ஒரு வரி ஓடாம மூடி வைக்கறது. தூக்கம் போய், மனசு கனத்து, சாப்பாடும் இறங்காம ரெண்டு வாரத்துக்கு மேல போகுதுன்னா அதுக்கு மைக்ரோநேஷன் மட்டும் காரணமா இருக்காது. டாக்டரைப் பாருங்க. அரசோட மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாப் பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க.

ஏன் தலைவர்தான் முதல்ல ஓயறாரு? கூப்பிட்டா வர்றது பத்துப் பேரு, மந்திரி பதவி பதினைஞ்சு. அதனால கொடி வரையறது, சட்டம் எழுதறது, விக்கிப் பக்கம் திருத்தறது, அரசிதழ் போடறது, சண்டை விலக்கறது எல்லாம் ஒரே தலைல வந்து விழுகுது. செமஸ்டர் பரீட்சை வந்தா அந்தத் தலையும் காணாமப் போயிருது.

இறங்கறதுக்கு நாலு வழி இருக்குங்க. முதல்ல எதுன்னு முடிவு பண்ணுங்க. விடுப்பு: 30 நாளைக்குப் பொறுப்பாளர் ஒருத்தரை வெச்சுட்டு ஒதுங்கறது. திரும்பி வர்ற தேதியை எழுதி வெச்சிருந்தா மட்டும்தான் அது விடுப்பு. பதவி விலகல்: பிரதமர், அதிபர் மாதிரி தேர்தல் பதவிக்கு. முடிதுறத்தல்: மன்னராட்சி நாடுகளுக்கு. கடைசியா, நாட்டையே மூடறது. ஆஸ்திரேலியாவுல லியோனார்ட் காஸ்லி 1970-ல கோதுமைக் கொள்முதல் ஒதுக்கீட்டுத் தகராறுல 'ஹட் ரிவர்' நாட்டைத் தொடங்கினாரு. 2017-ல மகன் கிரேம் கிட்ட பட்டத்தைக் கொடுத்துட்டு இறங்கினாரு. அதே வருஷம் சுமார் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரிபாக்கியைக் கட்டச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வந்துச்சு. 2020-ல நாட்டையே கலைச்சுட்டாங்க. பட்டத்தைக் கைமாத்தினா கடன் கரைஞ்சுராது. அதனால வாங்கறவருக்குச் சொத்துப் பட்டியலோட பாக்கிப் பட்டியலும் போகணும்.

[திரையில்: ஒரு விரிதாள். ஆறு பத்தி.]

இப்ப வேலைக்கு வருவோம். ஒரு ஷீட் திறந்து ஆறு பத்தி போடுங்க: பொருள், இப்ப யார் பேர்ல இருக்கு, எந்த மெயில்ல பதிஞ்சிருக்கு, ஓடிபி கோட் யார் போனுக்கு வருது, எப்பப் புதுப்பிக்கணும், எவ்வளவு. வரிசையா டிஸ்கார்ட், டொமைன் (இணையதளத்தோட பேர்), ஹோஸ்டிங் (தளத்தை வெச்சிருக்கற இடம்), மெயில், விக்கி, யூடியூப், இன்ஸ்டா, வாட்ஸ்அப் குழு, கூகுள் டிரைவ், கஜானா. அப்புறம் கையில தொடக்கூடிய சாமான்: கொடி, முத்திரை, பதக்கம். திருப்பூர்ல டீசர்ட் அடிச்சு வாங்கியிருந்தா, கலருக்கு ஒரு ஸ்கிரீன்னு காசு வாங்கியிருப்பாங்க. அந்த ஸ்கிரீன் எந்தப் பட்டறையில கெடக்குது, அட்வான்ஸ் எவ்வளவு போயிருக்கு, மிச்சம் எவ்வளவு, எத்தனை பீஸ் வரணும்னு அதையும் ஒரு வரி எழுதுங்க. எல்லாரும் மறக்கறது நாலாவது பத்தியைத்தான். பாஸ்வேர்டை மட்டும் கொடுத்துட்டுப் போயிருவாங்க. ஆறு மாசம் கழிச்சு புதுப் பிரதமர் லாகின் பண்ணுவாரு, ஓடிபி பழைய பிரதமரோட போன்ல அடிக்கும். அவரு அந்த சிம்மையே மாத்தியிருப்பாரு.

சாவி, அதாவது இந்தக் கணக்குகளோட கட்டுப்பாடு, மாத்தறதுல ஒரே ஒரு ஒழுங்குதான்: புது ஆளைச் சேர்த்து, அவர் உள்ள போய் ஒரு வேலை செஞ்சு காட்டினதுக்கு அப்புறம்தான் உங்களை நீங்க எடுக்கணும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால்ல முறைத்தண்ணி மாத்தற மாதிரி. அடுத்த தோட்டத்துக்காரர் மடையைத் திறந்ததைப் பார்த்துட்டுத்தான் நம்ம மடையை அடைக்கணும். முன்னாலயே அடைச்சா கரை ஒடைஞ்சிரும்.

முதல்ல தொட வேண்டியது யூடியூப். காரணம், அங்க காத்திருக்கற நாள் இருக்கு. சேனல் பிராண்ட் அக்கவுண்ட்ல (பல பேர் சேர்ந்து நடத்தற கணக்கு) இருந்தா, புது ஆளை ஓனராச் சேர்த்து 7 நாள் ஆனாத்தான் பிரைமரி ஓனரா ஆக்க முடியும். கூடவே டொமைனையும் ஆரம்பிச்சிருங்க. டொமைன் பதியற வேற கம்பெனிக்கு மாத்தப் போனா, உரிமையாளர் விவரம் மாத்தின கையோட, 60 நாளைக்கு மாத்த முடியாதபடி பூட்டு விழுக வாய்ப்பிருக்கு. அதனால புது ஆளை அதே கம்பெனியிலயே ஒரு கணக்குத் திறக்கச் சொல்லி, உள்ளுக்குள்ளயே தள்ளி விடறதுதான் சுளுவு. டாட் காம் பேரை யாருமே புதுப்பிக்காம விட்டுட்டா, சலுகை நாள் முடிஞ்சு 30 நாள் மீட்புக் காலம் வரும். அப்ப மீட்கக் கூடுதல் கட்டணம் கேட்பாங்க. அதையும் விட்டா இன்னொரு 5 நாள்ல பேர் சந்தைக்கு வந்துரும், யார் வேணா எடுத்துக்கலாம்.

டிரைவ்ல ஒரு குழி இருக்கு. சாதாரண ஜிமெயில் கணக்குல ஃபோல்டரோட உரிமையை மாத்தினா, உள்ள இருக்கற ஃபைலோட உரிமை கூடவே போகாது. ஃபைல் ஃபைலா மாத்தணும், அந்தப் பக்கம் ஏத்துக்கவும் செய்யணும். நாட்டுக்குன்னு தனி ஜிமெயில் திறந்திருந்தா அதையும் கையோட கொடுத்திருங்க. ரெண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை கூகுள் அழிக்கலாம். அரசியல் சாசனம் அதுல இருந்தா அதுவும் சேர்ந்து போயிரும்.

[திரையில்: இரண்டு பேர் அரட்டை, மாதிரிக்காக.]

"அண்ணா, யூடியூப் என்ற மெயில்ல வந்துருச்சுங்க. டிரைவ்லதான் மூணு ஃபைல் ஓனர்ஷிப் மாறல."
"எந்த மூணுன்னு பேரைப் போடு தம்பி. பொழுதோட மாத்தி உடறேன்."

இந்த மாதிரிப் பேச்சு ஒரு வாரத்துக்கு ஓடும். ஓடட்டும்.

டிஸ்கார்டைக் கடைசியா வெச்சுக்கங்க. சர்வர் செட்டிங்ஸ், மெம்பர்ஸ், பேருக்குப் பக்கத்துல மூணு புள்ளி, அதுல டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப். ஒரு தடவை மாத்திட்டா, அவரா திருப்பிக் கொடுத்தாத்தான் உண்டு. உங்க கணக்குல நீங்க உருவாக்கின பாட் (தானா வேலை செய்யற புரோகிராம்) இருந்தா, சர்வரை மாத்தினாலும் அது உங்க பேர்லயேதான் இருக்கும். அதுக்கு மாத்து ஏற்பாடு பண்ணிருங்க. கோவத்துல சர்வரை அழிச்சுட்டா திரும்ப வராது. வாட்ஸ்அப் குழுவுல நீங்க ஒருத்தர் மட்டும் அட்மினா இருந்து சொல்லாம வெளிய வந்தா, உறுப்பினர்கள்ல யாராவது ஒருத்தரைத் தானாவே அட்மின் ஆக்கி விட்டுரும். அது நேத்துச் சேர்ந்த ஆளாக்கூட இருக்கலாம். மைக்ரோநேஷன் வரலாற்றுல ரத்தம் சிந்தாத ஆட்சிக் கவிழ்ப்புன்னா இப்படித்தான் நடக்கும்.

கஜானா. பெரும்பாலும் தலைவரோட சொந்த ஜிபே-லதான் காசு வந்து விழுந்திருக்கும். தொகை சின்னதுதான், சந்தேகம் மட்டும் பெருசா வளரும். யார், என்னைக்கு, எவ்வளவு, 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் என்னன்னு ஒரு பக்கம். டொமைனுக்கு, கொடிக்கு, டீசர்ட்டுக்குன்னு செலவு இன்னொரு பக்கம். மிச்சத்தைப் புதுப் பொருளாளருக்கு ஒரே தவணையில அனுப்பி, அந்த ரசீதையும் போட்டிருங்க. உங்க கைக்காசு போயிருந்தா அதை இப்பவே எழுதுங்க. கழிச்சுக்கறதா, விட்டுக் கொடுக்கறதான்னும் சொல்லிருங்க. விலகி மூணு மாசம் கழிச்சு "நான் போட்ட காசு"ன்னு கேட்டா, கேட்கறவருக்கும் மரியாதை இல்லை, கொடுக்கறவருக்கும் மனசு வராது.

அடுத்தது யாரு? சாசனத்துல வாரிசு விதி இருந்தா அதுப்படி. இல்லைன்னா, விலகறதுக்கு முன்னால நீங்களே ஒரு விதியை ஓட்டுக்கு விட்டு நிறைவேத்துங்க. இடம் காலியா இருந்தா என்ன ஆகும்னு பார்க்க டலோசாங்கிற மைக்ரோநேஷனோட கதை போதும். 1979-ல மில்வாக்கியில 14 வயசுப் பையன் ராபர்ட் பென் மேடிசன் தொடங்கின நாடு அது. 2004-ல ஒரு கூட்டம் குடியரசுன்னு பிரிஞ்சு போச்சு, 2005-ல மன்னரா இருந்த மேடிசனும் பட்டத்தை விட்டுட்டுப் போயிட்டாரு. அடுத்த மன்னர் வந்தது 2007-ல. பிரிஞ்சவங்க திரும்பச் சேர்ந்தது 2012-ல. இத்தாலியில செபோர்காங்கிற கிராமத்து மைக்ரோநேஷன் பக்கம் பாருங்க. இளவரசர் பதவிக்கே 7 வருஷம்னு காலம் குறிச்சிருக்காங்க. மார்செல்லோ மெனெகாட்டோ 2019 ஏப்ரல்ல இறங்கினாரு, நவம்பர்ல தேர்தல் வெச்சு நீனா மெனெகாட்டோவைத் தேர்ந்தெடுத்தாங்க. காலம் குறிச்ச பதவியில யாரும் "ஓடிப் போயிட்டான்"னு பேச மாட்டாங்க. எங்களைக் கேட்டா, இணைய நாட்டுக்கு 7 வருஷமெல்லாம் ரொம்ப நீளம். ஆறு மாசம் போதும், செமஸ்டரோட ஒத்துப் போகும்.

யாருமே முன்வரலைன்னா? அடிக்கடி நடக்கறதுதான். ஓடறதுக்கு ரெண்டே வேலைதான் கட்டாயம்: சர்வரைப் பார்த்துக்கறது, டொமைனுக்குப் பணம் கட்டறது. அந்த ரெண்டுக்கு ஆள் கிடைச்சா, மத்த மந்திரி பதவி எல்லாம் காலியாவே கெடக்கட்டும். அந்த ரெண்டுக்கும் ஆள் இல்லைன்னா, உண்மையில நாடு ஏற்கெனவே மூடியாச்சு. சர்வரைப் படிக்க மட்டும்னு பூட்டி வெச்சிருங்க.

இப்பத்தான் அறிக்கை. நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டென், இனிமேல் இந்தப் பொறுப்புக்குத் தன்கிட்ட தெம்பு மிச்சமில்லைன்னு 2023 ஜனவரி 19-ல சொன்னாங்க. 25-ந் தேதி அடுத்த பிரதமர் பதவி ஏத்துட்டாரு. நிஜ நாட்டுக்கே ஆறு நாள் போதுமாயிருந்துச்சு. நமக்கு மூணு நாளே தாராளம். தேர் நோம்பி, பரீட்சை வாரம் பார்த்து வெக்காதீங்க.

[திரையில்: மாதிரி அறிக்கை.]

"நாட்டு மக்களுக்கு வணக்கம். தொடர் சோர்வின் காரணமாகப் பிரதமர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். வரும் ஞாயிறு மாலை 6 மணி முதல் (உலகப் பொது நேரம் 12:30) துணைப் பிரதமர் பொறுப்பேற்பார். சர்வர், இணையதளம், கஜானா அவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. கணக்கு கீழே உள்ளது. இனி அரசு சார்ந்த கேள்விகளை அவரிடம் கேளுங்கள்."

இதுக்கு மேல ஒரு வரி வேண்டாம். யார் ஒத்துழைக்கலை, எத்தனை ராத்திரி முழிச்சோம், டாக்டர் என்ன சொன்னாரு, எதுவும் வேண்டாம். "தேவைப்பட்டால் திரும்ப வருவேன்"னு எழுதவே எழுதாதீங்க. அந்த ஒரு வரியை வெச்சு, அடுத்தவர் எடுக்கற ஒவ்வொரு முடிவுக்கும் உங்களைக் கூப்பிடுவாங்க.

இறங்கின பின்னால வர்ற கண்ணி, "கௌரவ ஆலோசகர்". பட்டம் கொடுத்தா வாங்கிக்கங்க, அட்மின் அதிகாரத்தோட கொடுத்தா வேண்டாம்னுருங்க. அதிகாரம் கையில இருக்கற வரைக்கும் ராத்திரி ஒன்றரைக்குப் போன் அடிச்சுட்டுத்தான் இருக்கும். முதல் 30 நாள் சர்வரை மியூட்ல போடுங்க. புதுப் பிரதமர் மட்டும் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், உங்ககிட்டக் கேட்கலாம். குடிமக்கள் தனியா மெசேஜ் போட்டா "அவரைக் கேளுங்க சாமி"ன்னு ஒரே பதில். 31-வது நாள் அந்த ஷீட்டைத் திரும்பத் திறந்து, மூணாவது, நாலாவது பத்தியில உங்க மெயிலோ நம்பரோ எங்கயாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. மீட்பு மெயில்னு ஒரு இடம் இருக்கும், பெரும்பாலும் அங்கதான் ஒட்டிக்கிட்டிருக்கும். அதையும் மாத்தச் சொல்லிட்டு, ஷீட்டோட உரிமையையும் அவர் பேருக்கு அனுப்பி விட்டிருங்க.