தராசும் சரக்கும் ஒரே கையில்

நேயர்களுக்கு வணக்கம்.

2015 மே 2ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கில் பிளாய்ட் மேவெதரும் மேனி பாக்கியாவும் மோதிய குத்துச்சண்டையை வீட்டிலிருந்தபடி எச்.டி. தரத்தில் பார்க்க, ஓர் அமெரிக்கக் குடும்பம் 99 டாலர் 95 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. மாதச் சந்தா அன்று. ஓர் இரவுக்கான கட்டணம். அப்படியும் அந்நாட்டில் ஏறத்தாழ 46 லட்சம் இணைப்புகள் விற்று, அந்த வசூல் மட்டுமே 40 கோடி டாலரைத் தாண்டியது.

இந்தச் சண்டைக்கான பேச்சு 2009 இறுதியிலேயே தொடங்கியிருந்தது. சண்டை நடந்தபோதோ மேவெதருக்கு வயது 38, பாக்கியாவுக்கு 36. பாக்கியாவின் போட்டிகளை நடத்திவந்த பாப் ஆரமின் நிறுவனத்தை விட்டு மேவெதர் 2006லேயே விலகியிருந்தார். பின்னர் ஒருவர் ஷோடைம் தொலைக்காட்சியிடமும் மற்றவர் எச்.பி.ஓ.விடமும் ஒப்பந்தமாகியிருந்தனர். பகைக்கும் ஒப்பந்தங்களுக்கும் அப்பால் இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் தனியே காசு வாங்கிக் காட்டும் வணிகத்தில் வீரரின் பெயர்தான் சரக்கு. ஒரே தோல்வி அதன் விலையைச் சரித்துவிடும் என்பதால், வலுவான எதிராளியைத் தள்ளிப்போடுவதே பலருக்கும் ஆதாயமாகிறது. காத்திருப்பு நீள நீள, விலையும் ஏறுகிறது.

அன்றிரவு பன்னிரண்டு சுற்றுகள் முடிந்து மேவெதர் புள்ளிகளில் வென்றார். பயிற்சியின்போதே பாக்கியாவின் வலத் தோளில் காயம் பட்டிருந்தது என்பது அதன் பிறகே பொதுமக்களுக்குத் தெரியவந்தது. சண்டைக்கு முந்தைய நாள், குத்துச்சண்டைப் போட்டிகளைக் கண்காணிக்கும் நெவாடா மாநில ஆணையத்தின் படிவத்தில் தோள்காயம் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஏமாந்தோம் என்று பார்வையாளர்கள் தொடுத்த வழக்குகள் மேல்முறையீடு வரை சென்றன. 2019இல் நீதிமன்றம் அவற்றை ஏற்க மறுத்தது: வாங்கியது இருவரும் மோதுவதைக் காணும் உரிமை, அது கிடைத்துவிட்டது என்பதே தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நூறு டாலர் கொடுத்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

பார்வையாளர் நிலை இது என்றால், வீரர்கள் நிலை அதனினும் மோசமாக இருந்த காலம் உண்டு. 1986இல் லண்டன் வெம்பிளியில் டிம் விதர்ஸ்பூன், ஃபிராங்க் புரூனோவை வீழ்த்திப் பட்டத்தைத் தக்கவைத்தார். தோற்றவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்பது லட்சம் டாலர். வென்றவர் கைக்கு வந்தது சுமார் தொண்ணூறாயிரம். விதர்ஸ்பூனின் போட்டிகளை நடத்தியவர் டான் கிங். கூலி பேசித் தர வேண்டிய மேலாளரோ, கிங்கின் வளர்ப்பு மகன் கார்ல். கொடுப்பவரும் கேட்பவரும் ஒரே வீட்டில் இருந்தால் பேரத்துக்கு எங்கே இடம்?

இத்தகைய நிலையைத் தடுக்கவே அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் முகமது அலியின் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய போட்டிகளில், நடத்துபவருக்கு மேலாளர் தொழிலிலோ, மேலாளருக்கு நடத்தும் தொழிலிலோ பணத் தொடர்பு இருக்கக் கூடாது. நடத்துபவர் தமக்கு எவ்வளவு வருவாய் வந்தது என்பதை வீரருக்குத் தெரிவிக்க வேண்டும். கவனியுங்கள், வீரருக்கு மட்டுமே. மொத்தப் பணத்தையும் தரும் பார்வையாளருக்கு அன்று. ஒளிபரப்பு நிறுவனங்களுக்கும் அச்சட்டம் அத்தகைய கடமை எதையும் விதிக்கவில்லை.

தரவரிசையின் கதையும் இதுதான். ‘தி ரிங்’ என்ற பழம்பெரும் குத்துச்சண்டை இதழ் சொந்தமாகத் தரவரிசையும் பட்டங்களும் வழங்கிவருகிறது. 2007இல் அதை வாங்கியது, போட்டிகளை நடத்தும் கோல்டன் பாய் நிறுவனம். 2024இல் அது சவூதி அரேபியாவின் துர்க்கி அல்-அஷ்ஷேக் கைக்கு மாறியது. அவரும் பெரும்பொருள் செலவிட்டுச் சண்டைகளை நடத்துபவரே. முன்னர் உரிமையாளரின் பெயர் மாறியது, பின்னர் அவரது நாடும் மாறியது. தராசு மட்டும் சரக்கு விற்பவர் கையிலேயே இருக்கிறது.

2025 செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் கானெலோ அல்வாரெஸும் டெரன்ஸ் கிராஃபர்டும் மோதிய போட்டி, தனிக் கட்டணம் எதுவுமின்றி நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்குக் கிடைத்தது. பத்தாண்டுக்கு முன் நூறு டாலர் கட்டியவர்களுக்கு இது நல்ல செய்தியே. அந்தப் போட்டியை நடத்தியவர்களில் ஒருவர் அல்-அஷ்ஷேக். வென்ற கிராஃபர்டுக்குக் கிடைத்த பட்டங்களில் ஒன்று ‘தி ரிங்’ இதழுடையது.